சான்றிதழ் சொல்லாதவை

நன்னடத்தைச் சான்று கேட்டுப் பங்குக் குருவானவரை நாடி வருவோர் பலர். அதில் கையொப்பம் இடும்போதெல்லாம் நமக்குள் ஓர் எண்ணம் எழுவதுண்டு. நாம் அறிந்ததை மட்டுமே அத்தாள் சொல்லும். நாம் காணாத இடத்தில் நடப்பதைச் சொல்லாது.

அமெரிக்க நிதி ஆலோசகராக இருந்த பெர்னார்டு மேடாஃப் என்பவருடைய வாழ்க்கைக் குறிப்பைப் படித்தபோது இவ்வெண்ணம் வலுப்பெற்றது. 1938இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1960இல் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். கடற்கரையில் உயிர்காப்பாளராகவும், நீர்த்தெளிப்பான் பொருத்துபவராகவும் உழைத்துச் சேர்த்த 5,000 டாலரைக் கொண்டு அவ்வாண்டே பங்குத் தரகு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1990, 1991, 1993ஆம் ஆண்டுகளில் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக விளங்கினார். 2006இல் முதலீட்டு ஆலோசகராக அரசு ஆணையத்தில் பதிவும் பெற்றார். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று.

பொய்யாக இருந்தவை, அவர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கணக்குத் தாள்களே. அவற்றில் கண்ட பங்குகள் வாங்கப்படவே இல்லை. புதியோர் தந்த பணமே பழையோருக்கு இலாபமென வழங்கப்பட்டது. 2008 டிசம்பர் 11 அன்று அவர் கைதானபோது, இருப்பதாக ஏட்டில் காட்டப்பட்ட தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர்! நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசலின் அறக்கட்டளையும் சுமார் 1.5 கோடி டாலரை இழந்தது. 2009இல் 150 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற மேடாஃப், 2021இல் சிறையிலேயே இறந்தார்.

இத்துணைக் காலம் இது மறைந்திருந்தது எங்ஙனம்? ஆலோசனை சொன்னவரும், பணத்தை வைத்திருந்தவரும், கணக்கு எழுதி அனுப்பியவரும் அவர் ஒருவரே. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இலாபம் மட்டும் ஒரே சீராக வருவது இயலாது என்று ஹாரி மார்க்கபோலஸ் என்னும் நிதித்துறை அறிஞர் 2000ஆம் ஆண்டு முதலே எச்சரித்தார். ஆணையத்தின் ஆய்வுகளோ உண்மையைக் காணத் தவறின.

வாழ்நாள் சேமிப்பை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் அவருடைய படிப்பையும் பதிவையும் பார்ப்பது முறையே. அதனோடு மூன்று கேள்விகளையும் கேட்போம். பணம் யார் பெயரில், எங்கே இருக்கும்? அதன் கணக்கு, ஆலோசகரைச் சாராத வேறொரு நிறுவனத்திடமிருந்து நேரே நம் கைக்கு வருமா? சந்தை விழும்போதும் இலாபம் குறையாதென்றால், அஃது எவ்வாறு? நேர்மையான ஆலோசகர் இக்கேள்விகளால் மனம் வருந்தார். மகிழ்ந்தே விடை பகர்வார். சினப்பவரிடம் பணத்தைக் கொடாதிருப்பதே குடும்பத்துக்கு நலம்.