ஒரு சோறு பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது முன்னோர் மொழி. பருக்கைகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்து உலை இறக்குவார் எவருமிலர். அணுக்கூட்டத்தின் வெப்பப் பண்புகளைக் கணிக்க முற்பட்ட அறிஞர்களும் இவ்வழியையே நாடினர்.

அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. இரண்டே நிலைகள் கொண்ட துகள்கள் 10 சேர்ந்தால் 1,024 நிலைகள் உண்டாகும். 40 சேர்ந்தாலோ அத்தொகை ஓர் இலட்சம் கோடியை விஞ்சும். இவற்றையெல்லாம் வெப்பநிலைக்கேற்ப எடையிட்டுக் கூட்டுதல் எவ்வாறு?

1953ஆம் ஆண்டில் இரு வாயில்கள் திறந்தன. ரிச்சர்டு ஃபைன்மன், திரவ ஹீலியத்தின் ஒவ்வோர் அணுவையும் மூடிய வளையமாகக் கருதலாம் எனக் காட்டினார். குளிர் மிக மிக வளையங்கள் விரிந்து, அண்டை வளையங்களோடு பிணைந்துகொள்ளும். அதே ஆண்டில் மெட்ரோபொலிசும், ரோசன்புளூத், டெல்லர் தம்பதியரும், நிலைகளை அவற்றின் எடைக்கேற்பப் பொறுக்கியெடுத்துப் பதம் பார்க்கும் முறையைக் கணிப்பொறிக்கு வகுத்தளித்தனர். சூதாட்டத்திற்குப் பெயர்பெற்ற மொண்டே கார்லோ நகரின் பெயரே இத்தகைய முறைகளுக்கு வழங்குகிறது.

1986, 1987ஆம் ஆண்டுகளில் செப்பர்லியும் பொல்லாக்கும் இவ்விரண்டையும் இணைத்தனர். 64 அணுக்களைக் கொண்டே, ஏறத்தாழ 2.17 கெல்வினில் ஹீலியம் உராய்வின்றி ஓடத் தொடங்கும் விந்தையைக் கணக்கில் கண்டனர். ஆய்வுக்கூட அளவீடுகளும் அவர்தம் கணக்கோடு பெரிதும் ஒத்திருந்தன.

ஆயினும், அவ்வணுவில் ஒரு நியூட்ரான் குறைந்தால் ஹீலியம்-3 ஆகிறது; கணக்கும் நிலைகுலைகிறது. சத்தியேந்திரநாத் போஸ் பெயர் தாங்கிய போசான் இனத்தை விட்டு, அது ஃபெர்மியான் இனத்தைச் சேர்கிறது. அங்கே இரு துகள்கள் இடம் மாறினால் கழித்தற்குறி தோன்றும். கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்க, எஞ்சும் சிறு விடை பிழையுள் மறைகிறது. துகள்கள் பெருகவும் குளிர் மிகவும் அப்பிழை மடங்கு மடங்காக வளர்கிறது. எலெக்ட்ரான்களும் இவ்வினமே, ஆதலால் பல உலோகச் சேர்மங்களின் புதிர்களும் இத்தடையில் சிக்கியுள்ளன. இதனைப் பொதுவாகத் தீர்க்கும் விரைவழி கிட்டுமாயின், கணிப்பியலின் மிகக் கடினமான வினாக்கள் பலவும் அதனாலேயே தீரும் என்று 2005இல் ட்ரோயரும் வீசும் நிறுவினர். அத்தகைய வழி உண்டென நம்புவோர் மிகச் சிலரே.

பானையில் பாதிச் சோறு மறுபாதியை அழிக்குமாயின், ஒரு சோறு எதற்குச் சான்றாகும்? பழமொழியைக் கற்பிக்கும் ஆசிரியர் அது செல்லும் எல்லையையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், மாணாக்கர் மொழியோடு அறிவியலையும் கற்றவராவர்.