மெஷினுக்குப் புருவம் கிடையாது

க்ளே அனிமேஷன் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் களிமண்ணைக் கண்ணில் காட்டுவதில்லை. ஒரு காலித் தீப்பெட்டியும் ஓர் அடி ஸ்கேலும் கொடுப்பேன். தீப்பெட்டி மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஐந்து மில்லிமீட்டர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. “இதுல என்ன சார் இருக்கு?” என்பார்கள். அசைவுக்கு ஒரு படமாக எடுத்து ஓட்டிப் பார்த்தால் தீப்பெட்டி குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போல வரும். அப்போதுதான் என் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள்.

நானும் அப்படி வந்தவன்தான். நானாகச் செய்த முதல் படம் ஒரு குடும்பக் கதை. பாட்டிக்கு முட்டிவலி, அருவாமனையில் உட்கார முடியவில்லை. மகன் தேங்காய் துருவ ஒரு மெஷின் செய்து, ‘உருண்டையாக இருப்பதைத் துருவு’ என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கிறான். தேங்காய் தீர்ந்ததும் மெஷின் பேத்தியின் பந்தைத் துருவுகிறது. பிறகு லட்டு, பூமி உருண்டை. கடைசியில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் தாத்தாவின் வழுக்கைத் தலையைப் பார்த்துத் திரும்புகிறது.

அந்தத் திரும்புதலை நான்கு நாள் எடுத்தேன். மெஷின் நடுங்கியது, குதித்தது. சிவப்புக் குண்டுபல்பு மின்னியது. பஞ்சைப் பிய்த்து ஃபிரேமுக்கு ஃபிரேம் புகை விட்டேன். பதினொரு விநாடி வந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவே இல்லை.

“ஏன்டா, மெஷினுக்கு எதுக்குக் கோவம் வருது?”

“கெட்டுப்போச்சுன்னு தெரியணும்ல மாஸ்டர்?”

“அது எங்க கெட்டுப்போச்சு? சொன்ன வேலையத்தானே செய்யுது. வேலை சொன்னவன்தான் தப்பாச் சொல்லிட்டான்.”

அன்று மாலை அவர் எனக்கு ‘தி ராங் ட்ரவுசர்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினார். நிக் பார்க் 1993இல் பிரிஸ்டலின் ஆர்ட்மேன் ஸ்டுடியோவில் எடுத்த அரை மணி நேரப் படம். வாலஸ் என்ற பாலாடைக்கட்டிப் பைத்தியம், நாய் கிரோமிட்டை வாக்கிங் கூட்டிப்போவதற்காகத் தானே நடக்கும் இயந்திரக் கால்சட்டை ஒன்றைக் கொண்டுவருகிறார். வீட்டில் வாடகைக்கு வந்த பெங்குவின் அதன் கன்ட்ரோலைக் கைப்பற்றிக்கொள்கிறது. தூங்கும் வாலஸைச் சுமந்துகொண்டு கால்சட்டை மியூசியக் கூரையில் தலைகீழாக நடந்து வைரம் திருடப் போகிறது. அந்தக் கால்சட்டை வாலஸ் செய்ததல்ல, வாங்கியது. ஆனால் வாங்கி வைத்த மெஷினிடம் அவதிப்படுகிறவர்கள்தானே உலகத்தில் அதிகம்.

“காலை மட்டும் பாரு” என்றார் மாஸ்டர். பார்த்தேன். கால்சட்டைக்குக் கோபம் இல்லை, அவசரம் இல்லை. நாயை நடத்தினாலும் திருடப் போனாலும் தன்பாட்டுக்கு நடக்கிறது. வாலஸின் விரல்கள் படபடக்கின்றன. வாயே இல்லாத கிரோமிட்டின் நெற்றி மட்டும் ஏறி இறங்குகிறது. பெங்குவினுக்கும் கண் என்று இரண்டு கறுப்பு மணிதான். முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

2024இல் வந்த ‘வெஞ்சன்ஸ் மோஸ்ட் ஃபவுல்’ படத்திலும் இதே சங்கதிதான். இம்முறை வாலஸே செய்த தோட்டக்கார ரோபோ. உதவி என்ற பெயரில் கிரோமிட் ஆசையாக வளர்த்த தோட்டத்தைக் கட்டம் கட்டமாக வெட்டிச் சீராக்கிவிடுகிறது. பெங்குவின் வந்து அதைக் கெடுப்பதெல்லாம் அப்புறம். எனக்கு அந்த முதல் வெட்டு போதும்.

ஆகவே மெஷின் சீராகப் போக வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் பெரிய பாடு. விநாடிக்கு 24 ஃபிரேம்; ஓர் அசைவை இரண்டு ஃபிரேம் பிடித்தால் 12 அசைவு. 48 சென்டிமீட்டர் மேசையை மெஷின் ஐந்தைந்து மில்லிமீட்டராகக் கடக்க 96 அசைவு. திரையில் எட்டே விநாடி. எட்டு விநாடிக்கு ஒரு முழு நாள் போகும். அதற்குள் வோல்டேஜ் ஏறி இறங்கினால் விளக்கு துடிக்கும். ஸ்டெபிலைசர் வாங்கக் காசில்லாத காலத்தில், தெரு அடங்கிய பிறகு இரவு பதினொன்றுக்குத்தான் ஷாட்டை ஆரம்பிப்பேன். ஒருமுறை பாதி ஷாட்டில் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். சட்டையில் பட்ட வெளிச்சம் தாத்தாவின் கன்னத்தில் விழுந்து, அவருக்குத் திடீரென்று வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து வேலைக்குக் கறுப்புச் சட்டைதான்.

மே மாதம் களிமண் வேர்த்து, தாத்தாவின் மூக்கு தானாகத் தொங்கும். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், விசிறக் கூடாது. விசிறினால் அவர் கையிலிருக்கும் நாளிதழ் அசைந்துவிடும். மார்கழியில் மண் இறுகினால் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மூன்றாவது சொட்டில் பிசுபிசுக்கும். தாத்தாவின் வெள்ளை வேட்டியைத் தொடுவதற்கு முன் கை கழுவு, ஈரத்துணியில் துடை, மறுபடி கழுவு. சாம்பார் சாதம் சாப்பிட்ட கை மூன்று கழுவலுக்கும் அடங்காது. அதனால் ஷாட் நாட்களில் எனக்குத் தயிர்சாதம். விரல் ரேகை விழுந்தால் பதறாதீர்கள், பிரிஸ்டல்காரர்கள் படத்திலும் விழுந்திருக்கிறது. ஆனால் நேற்று விழுந்த ரேகையைப் பாதி ஷாட்டில் இன்று தேய்த்து அழித்தால் திரையில் அந்த இடம் திடீரென்று துள்ளும்; அதைத்தான் ‘பாப்’ என்போம்.

தாத்தாவின் ஷாட்டை மறுபடி எடுத்தேன். பல்பைப் பிடுங்கினேன், பஞ்சை எறிந்தேன். மெஷின் ஐந்து மில்லி, ஐந்து மில்லியாக வந்தது. நாற்பதாவது அசைவில் தாத்தாவின் புருவத்தைத் தூக்க ஊசியை எடுத்தேன். பின்னால் நின்ற மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் மண்ணைப் போலவே குளிர்ந்திருந்தன.

“இப்ப வேணாம். அது கிட்ட வரட்டும்.”

எழுபதில் மறுபடி ஊசியை எடுத்தேன். வேண்டாமென்று தலையசைத்தார். எண்பத்தெட்டில் அவரே ஊசியை வாங்கி, இடது புருவத்தை மட்டும் அரை அரிசி அளவு உயர்த்தினார். வலதைத் தொடவில்லை.

“மீதி எட்டுக்கும் இப்படியே இருக்கட்டும். அவர் பேப்பரைப் படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.