களைப்பு வரும் முன்னே நிறுத்தணும்!



எங்க ஊர் போளூர் பக்கம். எங்க அப்பா துணி வியாபாரி. பைக்கில் மூட்டை கட்டிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவார். ஜமுனாமரத்தூர் வரைக்கும் தார் ரோடு. அதுக்கப்புறம் சில சின்ன ஊர்களுக்கு மண் பாதைதான். கல்லு, பள்ளம், மழை பெய்தால் சேறு. விடியக்காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். வந்ததும் அம்மா காபி கொடுப்பாங்க. டம்ளரைப் பிடிக்கும்போது அப்பாவின் கை நடுங்கும். "குளிரும்மா" என்பார். நானும் நம்பினேன்.

போன ஆடி மாசம் அப்பா வண்டியோடு விழுந்துட்டார். எங்கே தெரியுமா? மலையில் இல்லை. நல்ல தார் ரோட்டில், வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்போது! எதிரே வண்டிகூட வரலை. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. தோள்பட்டை எலும்பில் விரிசல். ஆறு வாரம் வியாபாரம் இல்லை. "இந்தப் பொழைப்பே வேணாம்"னு அம்மா அழுதாங்க. ஆனா அந்தப் பொழைப்பில்தான் நானும் தம்பியும் படிக்கிறோம்.

அம்மாவோட தம்பி மெக்கானிக். அவர் வந்து, "மாமா, பிரேக் பிடிக்க விரல் மடங்கலையா?" என்று கேட்டார். "ஆமா மச்சான், விரலே என்னுது மாதிரி இல்ல" என்றார் அப்பா. அப்பதான் எனக்குக் காபி டம்ளர் ஞாபகம் வந்தது. அது குளிர் இல்லை, களைப்பு!

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் முன்கைத் தசை இறுகிவிடுமாம். ரத்தம் சரியாக ஓடாதாம். மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுறவருக்கே தெரியாதாம். மாமா சொன்ன வழிகளை நோட்டில் எழுதி வைத்தேன்.

1. கைப்பிடியை லேசாகப் பிடிக்கணும். முழங்காலால் டேங்கை அணைத்துக்கொள்ளணும்.
2. பள்ளத்தில் ஃபுட்ரெஸ்ட் மேல் எழுந்து நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கணும். குலுக்கலைக் கால் வாங்கிக்கும், முதுகுக்குப் போகாது.
3. முன்சக்கரத்தையே பார்க்காமல் தூரமாகப் பார்க்கணும்.
4. மூட்டையைத் தாழ்வாகக் கட்டணும். உயரமாக இருந்தால் வண்டி ஆடும், கைக்குத்தான் வேலை அதிகம்.
5. தாகம் எடுக்கும் முன்னே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி குடிக்கணும்.
6. களைப்பு வரும் முன்னே நிறுத்தணும்.

"நின்னு நின்னு போனா நேரத்த யார் தருவா?" என்றார் அப்பா.

மாமா சிரித்தார். சவூதி அரேபியாவில் டக்கார் ராலி என்று பாலைவனப் பந்தயம் நடக்கிறதாம். 2024-ல் கேரளாவைச் சேர்ந்த ஹரித் நோவா அதில் ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். "அந்தப் பந்தயத்துலயே பெட்ரோல் போடுற இடத்துல பைக்காரங்க 15 நிமிஷம் கட்டாயம் நிக்கணும் மாமா. நொடிக் கணக்குப் பார்க்கிறவங்களே நிக்கிறாங்க. உங்களுக்கு என்ன?" என்றார். அப்பா பதில் பேசலை.

இப்போ அப்பா வழியில் ரெண்டு, மூணு இடத்தில் நிறுத்துகிறார். மலை இறங்கினதும் ஒரு புளியமரத்தடியில் கட்டாயம் நிற்பார். வீட்டுக்கு வர அரை மணி லேட் ஆகும். அம்மா ஒண்ணும் சொல்றதில்லை. சில நாள் மட்டும் நிற்காமல் வந்துவிடுவார். கேட்டால் "நின்னேன்மா" என்பார். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், டம்ளரைப் பார்ப்பேன். டம்ளர் பொய் சொல்லாது.

தோழிகளே, தோழர்களே! உங்க வீட்டிலும் அப்பாவோ அண்ணனோ கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டலாம். வந்ததும் "எவ்வளவு வித்தது?" என்று கேட்கும் முன்னே, "எங்கே நின்னீங்க?" என்று கேளுங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி