அகிஹபாராவில் ஓர் உருளைக்கிழங்குக் கடை

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் எத்தனையோ. சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கிறது. அஸகுஸா கோயில் இருக்கிறது. பட்டுக் கிமோனோ விற்கும் கடைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஆற அமரப் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு பிற்பகலை மட்டும் எனக்காக ஒதுக்கி வையுங்கள். உங்களை ஓர் உருளைக்கிழங்குக் கடைக்கு அழைத்துப் போகிறேன்.

"இதற்காகவா விமானம் ஏறி வந்தோம்?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கடையில் உருளைக்கிழங்கு கிடைக்காது. கடையின் பெயர்தான் 'சூப்பர் பொட்டேட்டோ'. அங்கே விற்பது பழைய வீடியோ கேம்கள்!

டோக்கியோ ஸ்டேஷனில் யாமனோடே ரயிலில் ஏறினால், கண்டா தாண்டியதும் அகிஹபாரா. 'மின்சாரப் பட்டணம்' என்று எழுதிய வாசல் வழியாக வெளியே வாருங்கள். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த பிறகு இந்தத் தெருவோரங்களில் ரேடியோ உதிரி பாகங்களைப் பரப்பி வைத்து விற்றார்கள். அந்தக் கடைகளின் சந்ததி ரயில் பாதைக்கு அடியில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், இன்றும் கம்பியும் ஸ்விட்சும் விற்றுக்கொண்டிருக்கிறது. ரேடியோவுக்குப் பின் டெலிவிஷனும் வாஷிங் மெஷினும் வந்தன, பிறகு கம்ப்யூட்டர், அதன் பின்னால் வீடியோ கேம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் போனால் சௌகரியம். பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, சாலை முழுவதையும் நடப்பவர்களுக்கே விட்டுவிடுவார்கள்.

நம் உருளைக்கிழங்குக் கடை ஒரு குறுகலான கட்டிடத்தின் மேல் தளங்களில் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் காதில் விழுவது 'டிங், டிங்' என்ற பழைய விளையாட்டுச் சங்கீதம். கண்ணில் படுவது சுவர் முழுவதும் அடுக்கிய காஸெட்டுகள்: மஞ்சள், நீலம், சிவப்பு என்று வளையல் கடை தோற்றது போங்கள்!

இவற்றில் பெரும்பாலானவை 'ஃபாமிகாம்' என்ற பெட்டிக்கானவை. 'ஃபாமிலி கம்ப்யூட்டர்' என்பதன் செல்லச் சுருக்கம் அது. கியோட்டோ நகரத்து நின்டென்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ல் 14,800 யென் விலையில் அதை வெளியிட்டது. அந்தக் கம்பெனி 1889-ல் சீட்டுக் கட்டுச் செய்யப் பிறந்தது என்றால் நம்புவீர்களா? ஃபாமிகாமின் இரண்டு கைப்பிடிகளும் குட்டையான கம்பியால் பெட்டியோடு பிணைந்தே இருக்கும். ஆகவே அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். 1990-களில் நம் ஊரில் 'டி.வி. கேம்' என்று விற்றார்களே, அவற்றில் பல இந்த ஃபாமிகாமின் நகல்களே.

கடையில் சற்று நேரம் நின்றால் ஒரு வார்த்தை உங்கள் காதில் விழும். 'நத்ஸுகாஷீ!' பழைய பொருள் ஒன்றைக் கண்டதும் ஜப்பானியர் வாயிலிருந்து தானாக வரும் வார்த்தை. அதில் ஏக்கம் கொஞ்சம், சந்தோஷம் கொஞ்சம். தலை நரைத்த கனவான் ஒருவர் ஒரு காஸெட்டைக் கையில் எடுத்து இப்படிச் சொன்னால், அவர் அந்த க்ஷணத்தில் பத்து வயதுப் பையன்.

ஆனால் இந்த அபிமானிகளிடம் வாய் கொடுத்துவிடாதீர்கள். "எது சிறந்த விளையாட்டு?" என்று கேட்டுவிட்டால் பொழுது விடிந்துவிடும்! 'ஃபைனல் ஃபாண்டஸி' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது பாகம் 1994-ல் காஸெட்டில் வந்தது. ஏழாவது 1997-ல் மூன்று ஸி.டி.க்களில் வந்தது. ஆறுதான் உயர்ந்தது என்று ஒரு கட்சி. ஏழுக்கு நிகர் ஏழே என்று இன்னொரு கட்சி. கதை, சங்கீதம், சித்திரம் என்று இரு பக்கமும் காரணங்களை அடுக்கும். கடைசியில், "உங்களுக்கு அப்போது என்ன வயது?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவைதான் மனிதர் நினைவில் அதிகமாகத் தங்குகின்றன என்று மனோதத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1987-ல் வெளியான 'டிராகன் குவெஸ்ட்' இரண்டாம் பாகத்தில், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டுமானால், திரையில் தோன்றும் எழுத்துக்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். எத்தனை எழுத்து தெரியுமா? 52 வரை போகும்! ஓர் எழுத்துப் பிசகினாலும் அத்தனை நாள் பாடும் வீண். "அதுவல்லவோ விளையாட்டு!" என்று இன்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்த எழுத்துக்களுக்காகவா பெருமூச்சு? ஒருவர் படிக்க மற்றவர் எழுதிய அந்த இரவுக்காக அல்லவா? அந்தத் தொடரின் சங்கீதத்தைத்தான் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில், வீரர்கள் அணிவகுத்து வரும்போது முதலில் வாசித்தார்கள்.

நம் வாசகிகளுக்கு நான் காட்ட விரும்பும் காஸெட் வேறு. பெயர் 'மதர் 2'. விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ் பெற்ற இடோயி ஷிகெஸாடோ படைத்தது, 1994-ல் வந்தது. விளையாட்டு ஆரம்பிக்கும்போதே, "உனக்குப் பிடித்த சாப்பாடு எது?" என்று கேட்கும். கதாநாயகச் சிறுவன் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வீடு திரும்பும்போது, அம்மா அதையே சமைத்துப் போடுவாள்! நெடுநாள் வீட்டுப் பக்கம் போகாவிட்டால் பையனுக்கு வீட்டு ஏக்கம் வந்துவிடும். சண்டையின் நடுவில் கை ஓடாமல் நின்றுவிடுவான். அதற்கு மருந்து மாயம் எதுவும் கிடையாது. டெலிபோனில் அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினால் சரியாகிவிடும்.

இதன் அடுத்த பாகம் 2006-ல் ஜப்பானிய மொழியில் மட்டும் வெளிவந்தது. கடல் கடந்த அபிமானிகள் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு தாங்களே உட்கார்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2008-ல் காசு வாங்காமல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பிரியம் என்பது சண்டை போட மட்டும் அல்ல, பாருங்கள்.

சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு கவலையும் உண்டு. பல காஸெட்டுகளின் வயிற்றில் காசு போன்ற சின்ன பாட்டரி ஒன்று இருக்கிறது. எங்கே விட்டோம், எவ்வளவு சேர்த்தோம் என்பதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது அதுதான். பாட்டரி தீர்ந்தால் ஞாபகமும் போய்விடும். புதியதைப் பற்றவைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. காஸெட் மறுபடி ஓடும். ஆனால் அன்றைய சிறுவன் சேமித்து வைத்த பயணம் திரும்பாது. புதிதாக வாங்கிக்கொள்வதும் சுலபமில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுக்களில் நூற்றுக்கு 87 கடையில் கிடைப்பதில்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது.

காஸெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றின் முதுகில் மையால் ஒரு குழந்தையின் பெயர் எழுதியிருக்கும். நண்பன் வீட்டுக்குப் போனால் திரும்பி வரவேண்டுமே என்று எழுதியது. வியாபாரக் கண்ணுக்கு அது கறை; விலை குறைந்துவிடும். ஆனால் இப்படிப் பெயர் எழுதிய காஸெட்டுகளையே தேடித் தேடிச் சேர்த்து, உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதை ஒரு பணியாகவே செய்துவரும் மனிதர் ஒருவர் ஜப்பானில் இருக்கிறார். எழுதியவருக்கு இப்போது நாற்பதோ ஐம்பதோ ஆகியிருக்கும். எழுதியது தம் கை அல்ல, தாயாரின் கை என்று அடையாளம் காணுகிறவரும் இருக்கலாம் அல்லவா?

ஊர் திரும்பிப் பரண் ஏறிச் சுத்தம் செய்யும்போது, உங்கள் பிள்ளை விளையாடி விட்ட பெட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால், பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன் பிள்ளைக்கு ஒரு டெலிபோன் போடுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் சரி. பேச்சோடு பேச்சாக, சாப்பிட்டாயா என்றும் கேட்டு வையுங்கள்.