பாத்ரூம் வாசல் படி



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்திருந்தான். "என்ன வேலைப்பா?" என்றேன். "நீங்க பார்த்த வேலைதான் டீச்சர், பேப்பர் திருத்துறது" என்று சிரித்தபடி லேப்டாப்பைத் திறந்தான்.

கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டிப் பார்க்கிறார்கள். 'பிம்' என்று பெயர். சிங்கப்பூரில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு அனுமதி வாங்க 2015-லேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். கட்டட வடிவமைப்பாளர், தூண், பீம் கணக்குப் போடும் இன்ஜினீயர், தண்ணீர், கரண்ட், ஏசி வேலைக்காரர் என்று ஆளுக்கொரு மாடல் செய்வார்கள். இவன் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சரிபார்க்கிறான். மாடி மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுதானா? பீமுக்குள் குழாய் நுழைகிறதா? மோதும் இடங்களை நேவிஸ்வொர்க்ஸ் என்ற மென்பொருளே காட்டிவிடுகிறது.

"அப்புறம் நீ எதுக்குடா?" என்றேன்.

ஒரு வால்வைக் காட்டினான். எதிலும் மோதவில்லை, மென்பொருள் கணக்கில் அது சரி. ஆனால் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, கை நுழைய இடமில்லை. நாளைக்குத் தண்ணீர் ஒழுகினால் மூட முடியாது. "தேதி நெருங்குது, விட்டுடுன்னாங்க. நான் விடல டீச்சர்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

எங்கள் ஃபிளாட்டில் பாத்ரூம் தளத்தை இறக்கிப் போட வேண்டும் என்று பிளம்பிங் வரைபடத்தில் இருந்தது. கான்கிரீட் வரைபடத்தில் இல்லை. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கான்கிரீட் போட்ட பிறகு, குழாயை மறைக்கத் தரையை மேடாக்கினார்கள். வாசலில் ஆறு அங்குலப் படி வந்தது. அந்தப் படியில்தான் சார் ஒரு ராத்திரி தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இன்றும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

அந்த வரைபடங்களை என்னிடமும் கொடுத்தார்கள். அரை மார்க்குக்காக விடைத்தாளை மூன்று முறை புரட்டிய நான், அவற்றைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம் சொன்னேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. டேப் கேட்டு வாங்கி, படியை அளந்தான். மறுநாள் கொத்தனாரோடு வந்து, நடுவில் ஒரு பாதிப் படியும் சுவரில் கைப்பிடியும் வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

வீடு கட்டும் பிள்ளைகளே, கான்கிரீட் போடுவதற்கு முன் எல்லா வரைபடங்களையும் ஒரே மேஜையில் விரித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். வகுப்பில் கேட்க வெட்கப்பட்ட மாதிரி இதிலும் இருந்துவிடாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்