தரங்கம்பாடியில் ஒரு பந்தயம்

நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்பவன் நான். எனினும், மணமாகிப் பதினெட்டு ஆண்டுகளில் துணைவியாரை மட்டும் அழைத்துக்கொண்டு எங்கும் சென்றதில்லை. திருமண வீடுகளும் துக்க வீடுகளுமே எங்கள் பயணங்கள்.

சென்ற மாதம், பிள்ளைகளை நன்னியிடம் விட்டுவிட்டு, வியாழன் பிற்பகல் மயிலாடுதுறையில் பேருந்து ஏறினோம். கையிலிருந்தது 1,500 ரூபாய். பொறையாரில் எளிய அறை ஒன்றுக்கு 700 போயிற்று. இரவு உணவு வீட்டிலிருந்தே கட்டி எடுத்துச் சென்ற ரொட்டியும் முட்டைப் பொரியலும்.

தரங்கம்பாடியின் பழைய நகரவாயிலைக் கடந்து நேரே நடந்தால் கடலோரத்தில் டேனியர் கோட்டை. 1620-இல் கட்டத் தொடங்கியது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நான் விளக்கிக்கொண்டே போக, "இங்கேயும் பாடம்தானா?" என்றார் துணைவியார். வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பைத் தொடரும் ஆசை இன்றும் இருக்கிறதாம். அலையோசைக்கிடையே அதை முதன்முறையாகக் கேட்டேன். ஏன் இதுவரை சொல்லவில்லை என்றதற்கு, "கேட்க உங்களுக்கு எங்கே நேரம்?" என்றார். மறுமொழி இல்லை என்னிடம்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் கடற்கரை வெறிச்சோடிக் கிடந்தது. "ஓடிப் பார்ப்போமா?" என்றார். இருபதடியில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஜும்ஆவுக்குள் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் தனித்தேர்வைப் பற்றியே பேச்சு. கையில் 340 ரூபாய் மிச்சமிருந்தது.