பெட்டி வாங்கிய கதை

இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் கூடத்தில் வீற்றிருந்த 21 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு மழைக்கால மாலையில் கண்ணை மூடிக்கொண்டது. பானை வயிறு போலப் பின்புறம் புடைத்த பழைய குழாய்ப் பெட்டி அது. பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டியூப் போயிட்டு சார். இதுக்கு இனி சாமான் கிடைக்காது" என்றார்.

ஒரு பெட்டிக்காகவா வருத்தம் என்று வாசகர்கள் நகைக்கலாம். எங்களோடு தூத்துக்குடியில் வளர்ந்தவர்கள் நகைக்கமாட்டார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் அலைகள் எங்கள் ஊரை எட்டவில்லை. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பின்னரே, மொட்டைமாடியில் உயர்ந்த கம்பம் நட்டு, ஆன்டெனாவைக் கடலை நோக்கித் திருப்பி, புள்ளி மழைக்கு நடுவே படம் பார்த்தோம். அத்தலைமுறைக்குத் தொலைக்காட்சி வாங்குவது இன்றும் ஒரு வீட்டு விசேடந்தான். ஆகவே நாங்கள் இருவரும் நல்ல உடை உடுத்தியே கடைக்குச் சென்றோம்.

சுவர் முழுவதும் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி, ஒரே அருவி. கடையில் ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள் என்பதும், வீட்டு வெளிச்சத்தில் அதே திரை வேறு முகம் காட்டும் என்பதும் பிறகுதான் விளங்கின. விற்பனையாளத் தம்பி 4கே என்றார். 3840க்கு 2160 என்றார். பெருக்கினால் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள், முழு எச்.டி.யைப் போல் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கில் எவ்வளவு, பத்தடித் தொலைவில் அமர்ந்திருக்கும் கண்ணுக்கு எட்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. 43 அங்குலம் போதும் என்று வீட்டில் பேசி முடித்துச் சென்றவர்கள், 55 அங்குலத்துக்குப் பணம் கட்டிவிட்டு வந்தோம். நான்கடி அகலம்! அதற்கு இடம் கொடுக்கத் திருஇருதய ஆண்டவர் படத்தைப் பக்கத்துச் சுவருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அதில் எங்களுக்குச் சிறிது கூச்சம் உண்டு. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

திரையைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்த நாங்கள், ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எங்கள் அம்மாவுக்கு வயது 84. முழங்கால் வலியால் கோவிலுக்குச் செல்வது நின்று மூன்றாண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் மாதா தொலைக்காட்சியின் திருப்பலிதான் அவர்களுக்கு. முக்காடிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, கோவிலில் இருப்பது போலவே பங்கேற்பார்கள். புதுப்பெட்டி வந்த நாளில், "எவ்வளவு பெரிசா இருக்கு!" என்று மகிழ்ந்தார்கள். சில வாரங்களில் மாலைச் செய்தி வேண்டாம் என்றார்கள். இரவுத் தொடரும் வேண்டாம் என்றார்கள். எட்டு மணிக்கே படுத்துக்கொண்டார்கள். வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டோம்.

ஒரு ஞாயிறன்று, மறையுரையின் நடுவே குருவானவர் இரு கைகளையும் விரித்தார். அம்மா உடனே உரத்த குரலில் பதிலுரை சொன்னார்கள். குருவானவரோ மறையுரையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்கள்.

"கேக்கலையாம்மா?"

"சத்தம் கேக்குது. பேச்சுதான் புரியல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்ல?"

காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். முதுமையில் முதலில் மங்குபவை உச்சத் தொனி ஒலிகள் என்றார். சொல்லுக்கு உருவம் தரும் வல்லின ஒலிகள் பல அவற்றைச் சார்ந்தவையாம். ஆகவே ஓசை காதில் விழும். சொல் உடைந்து விழும். செவிக்கருவிக்கும் ஏற்பாடு செய்தார். ஆனால் பழைய பெட்டியில் மட்டும் எப்படிக் கேட்டது? அதற்கு வயிறு இருந்தது; ஒலிபெருக்கி அம்மாவை நோக்கி வாய் திறந்திருந்தது. ஒல்லியான புதுப்பெட்டியில் அதற்கு இடமில்லை. அதன் சிறு ஒலிபெருக்கிகள் தரையைப் பார்த்துப் பேசுகின்றன. அம்மாவின் செவி முன்பே தளர்ந்திருந்ததை அந்தப் பழைய பெட்டி எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது போலும்.

முதலில் ஒரு புளூடூத் ஒலிபெருக்கியை அவர்கள் நாற்காலியருகே வைத்துப் பார்த்தோம். உதடு முந்தியது, ஒலி பிந்தியது. பிறகு, பெட்டியின் பின்புறம் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில் கம்பி செருகி இணைக்கும் சவுண்ட்பார் ஒன்றை வாங்கினோம். பேச்சுக் குரலைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும் வசதி அதில் உண்டு. 43 அங்குலத்தோடு நிறுத்தியிருந்தால் மிஞ்சியிருக்கும் தொகைக்கு அதைப் போல் இரண்டு வாங்கியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மா முக்காட்டை விலக்கிக்கொண்டே எங்களைப் பார்த்து, "இந்தச் சாமியார் ரொம்ப நேரம் பிரசங்கம் வைக்காரு" என்றார்கள்.